சிவப்புச் சீட்டு ஒட்டிய லேப்டாப்

ஜோதியம்மாள் வீட்டு அரிசி டிரம்மில் இரண்டு கோடுகள் இருக்கும். மேலே பச்சை, கீழே சிவப்பு. அரிசி சிவப்புக் கோட்டைத் தொட்டால் கடைக்குப் போக வேண்டும். பச்சைக் கோட்டுக்கு மேல் கொட்டக் கூடாது. பருப்பு டப்பா, சர்க்கரை டப்பா, துணி சோப்பு வைக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். அவர் கணவர் தீர்த்தகிரி தக்காளி டெம்போ ஓட்டுகிறவர். நான் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனபோது டிரம்மைக் காட்டிச் சொன்னார்:

"பாத்துக்கோ பாப்பா. எனக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கா. அதுக்கு மேல பேசினா சோறு கெடையாது."

"அந்தக் கோட்ட எப்பவோ தாண்டிட்டீங்க," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இப்படிக் கோடு போடும் பழக்கம் கம்பெனியிலிருந்து வந்தது. ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி. 2008இல் நான் அங்கே ஸ்டோர்ஸ் ஆபீஸில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது ஜோதியக்காவுக்கு முப்பத்துமூன்று வயது. அதில் பதினான்கு வருடம் உற்பத்தி லைனில் போயிருந்தது. கெலவரப்பள்ளி அணைப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டும் கூலிக்குப் போனவர்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு இவரும் சில வருடம் கயிறு கட்டினார். பத்தொன்பது வயதில் கம்பெனி பஸ் ஏறினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். மூன்றிலும் ஒரே வேகம். மூன்றிலும் கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கும்.

என் ஊர் வேப்பனப்பள்ளிக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் கல்லூரி லேபில் அறுபது பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், அதில் மூன்று ஓடாது. 'ரேம் என்றால் என்ன' என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு ரேமைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். அப்பா ஊரில் யாரிடமாவது "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு" என்று பெருமையாக ஆரம்பிக்கும்போதெல்லாம், அவர்கள் எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று நான் உள்ளே போய்விடுவேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் கேன்டீன் வரிசையில் ஜோதியக்கா எனக்கு முன்னால் நின்றிருந்தார். தட்டோடு திரும்பினார்.

"ஏம்மா அனு, நீ கம்ப்யூட்டர் தான படிச்ச?"

"ஆமாக்கா."

"அத தெறக்கத் தெரியுமா?"

"ஆன் பண்றதாக்கா?"

"அத என் பொண்ணே பண்ணுவா. வயித்தத் தெறக்கறது."

"தெரியும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற நான்கு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஜோதியக்காவுக்கு அது எதற்கு வேண்டும் என்பதைச் சொல்ல, அவர் வேலையைச் சொல்ல வேண்டும். ஆள் உயரச் சாய்வுப் பலகையில் முளைகள் அடித்திருக்கும். முளைகளுக்கு இடையே ஒயர்களைப் படுக்க வைத்து, கறுப்புத் துணி டேப்பால் சுற்றிக் கட்டாக்க வேண்டும். லைனில் இருபத்தாறு பெண்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்கை தோள் வரை தூக்கும். இரண்டாவது மணி நேரத்தில் வலது தோள் பிடித்துக்கொள்ளும். பெண்கள் பையில் தைல பாட்டில் இல்லாமல் வருவதில்லை. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால் பஸ் முழுக்க அந்த வாசனைதான்.

ஜோதியக்கா மட்டும் தைலம் வைத்திருக்கவில்லை. தக்காளிக்குக் கயிறு கட்டும்போது முழங்கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கயிற்றுண்டையை மட்டும் கைக்குக் கை தள்ளுவார்களாம். அதே மாதிரி டேப் ரோலைக் கட்டுக்கு அடியில் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தள்ளிவிடுவார். முழங்கை நகராது. ஆனால் ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் எப்படிச் சுற்ற வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் இருக்கும்படிதான் செய்ய வேண்டும். தன் முறையில் சுற்றியதற்காக ஆடிட் அறிக்கையில் இரண்டு முறை அவர் பெயரைக் குறையாக எழுதியும்விட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை.

தாளை மாற்ற ஒரே வழி, வருடா வருடம் கம்பெனி நடத்தும் முன்னேற்றப் போட்டி. தொழிலாளர்களே குழுவாகச் சேர்ந்து தங்கள் யோசனையைச் செய்து காட்ட வேண்டும். நடுவர்கள் ஒப்புக்கொண்டால் அந்த முறை தாளில் ஏறிவிடும். போன வருடம் ஜோதியக்கா குழு சார்ட்டில் படம் வரைந்து கொண்டுபோனது. வரைந்தது பூங்கொடி, பக்கத்துப் பலகைக்காரர்.

"அவ வரைஞ்ச கை நண்டு மாதிரி இருந்துச்சு," என்றார் ஜோதியக்கா. "ஜட்ஜ் ஒருத்தர், இது கட்டுக்கு மேல போகுதா கீழ போகுதான்னு கேட்டாரு. நான் வாயால சொல்றேன், அவருக்கு ஏறல. புரியலன்னு எழுதிட்டு போய்ட்டாங்க."

இந்த வருடம் வீடியோ. குவாலிட்டி சூப்பர்வைசர் சுடலைமுத்து சார் தன் கேமராவில் நான்கு நிமிடம் எடுத்துக் கொடுத்திருந்தார். ஓட்டிக் காட்டத்தான் எதுவும் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் போட்டிக்குத் தருவதில்லை. ஸ்டோர்ஸ் மூலையில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. செங்கல் கனம். மூடியில் சிவப்புச் சீட்டு.

வேண்டாத பொருள் எதுவானாலும் கம்பெனியில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒரு தேதி எழுதுவார்கள். அந்தத் தேதிக்குள் யாராவது அதைப் பயன்படுத்திக் காட்டினால் சீட்டைக் கிழித்துவிட்டு அவர்களிடமே கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் பழைய இரும்பு லாரி. இந்தச் சீட்டில் இருந்த தேதி டிசம்பர் 20, சனிக்கிழமை. போட்டி அதற்கடுத்த திங்கள்.

சுடலைமுத்து சாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். விதியை ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார். "ஜோதியம்மா, அந்தப் படத்த ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. நானே சீட்டக் கிழிச்சுத் தாரேன். இருபது தாண்டிட்டுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

ஓட்டிப் பார்த்தோம். ஒன்றரை நிமிடம் வரை போனது. பிறகு திரையில் ஜோதியக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் ஓடியது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே இடம். கொஞ்ச நேரம் கழித்துக் கை ஒரேயடியாகத் தாவி, கட்டு முடிந்த இடத்தில் வந்து நிற்கும்.

"எனக்கே தெரியாம நான் மந்திரம் போட்ட மாதிரி இருக்குது," என்றார் அவர்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் தேடி நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தேன். நோய் புரிந்தது. ரேம் 256 எம்.பி.தான் இருந்தது. இரண்டு இடங்களில் பெரியதாக மாற்றலாம்: ஒன்று அடிப்பக்க மூடிக்குள், இன்னொன்று கீபோர்டுக்கு அடியில். உள்ளே இருக்கும் மின்விசிறியையும் சுத்தம் செய்ய வேண்டும். அடிமூடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றியதும் பழைய ரேம் ஓரக் கொக்கிகள் விலகித் துள்ளி எழுந்தது. என் இரண்டு விரல் அளவுதான். ஒன்றரைப் பக்கம் எழுதிய விஷயம் இவ்வளவுதானா என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜோதியக்கா அதை வாங்கி, லைனில் எலெக்ட்ரானிக் பாகங்கள் வைக்கும் இளஞ்சிவப்புக் கவரில் போட்டார். "இது சாம்பிள். பிளவுஸ் துணிக்கு மேட்ச் எடுக்கப் போற மாதிரி எடுத்துனு போலாம்."

கேட்டில் செக்யூரிட்டி முனிவேல் அண்ணன், பொருளை வெளியே கொண்டுபோக நாங்கள் வாங்கியிருந்த பாஸை இரண்டு முறை படித்தார். அப்புறம் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இவ்ளோண்டுக்கா பாஸு? ஜாக்கெட்ல வச்சினு போயிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே," என்றார் ஜோதியக்கா. "எழுதுங்க. திரும்பி வரும் பொருள்னு எழுதுங்க."

அந்த மாதம் கரண்ட் பற்றாக்குறையால் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒருநாள் மின் விடுமுறை விட்டிருந்தார்கள். எங்களுக்குப் புதன்கிழமை. பெங்களூரு பஸ் ஏறினோம். கர்நாடக எல்லை அத்திப்பள்ளி வந்ததும் ஜோதியக்கா செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "இதுக்கு மேல ரோமிங். அவரு சாம்பார்ல உப்பு எவ்ளோன்னு கேக்கப் போன் போடுவாரு." எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. பஸ் நகர்ந்ததைவிட நின்றது அதிகம். அவர் பொறுமையாக ஒவ்வொரு தூணிலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் நான்கு கடைகள் கைவிரித்தன. ஐந்தாவது கடைக்காரர் சாம்பிளைப் பார்த்ததும் இது பழசு, இப்போது வருவதில்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பினார். "ஹுடுக்கி நோடி ஸ்வாமி," என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் ஜோதியக்கா. தேடிப் பாருங்கள் சாமி என்று அர்த்தம். நாங்கள் எழுந்து போகிற மாதிரி தெரியாததால் கடைக்காரர் தேடினார். ஒரு அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பார்க்க அப்படியே இருந்தன. நான் தலையாட்டிவிட்டேன்.

ஜோதியக்கா சாம்பிளையும் அதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். லைனில் கனெக்டர்களைச் சோதிப்பது அப்படித்தான். அடியில் இருந்த சின்ன வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. நூலளவு தள்ளியிருந்தது. "இது போகாது. எதுக்கு இப்பிடி வேணும்னே மாத்தி வெட்டியிருக்காங்க?"

அது எனக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு தலைமுறை, வேறு வேறு வோல்டேஜ். மாற்றிச் செருகிவிடக் கூடாதென்றுதான் வெட்டை நகர்த்தியிருக்கிறார்கள். சொன்னேன். பரீட்சையில் எழுதாத ஒரு விடையை வாழ்க்கையில் முதல்முறை ஒருவருக்குச் சொன்னேன்.

"அப்பிடிச் சொல்லு," என்று கடைக்காரர் பக்கம் திரும்பினார் அவர். மறுபடி பெட்டிக்குள் கை விட்ட கடைக்காரர், இந்த முறை சரியான இரண்டைத் தந்தார். ஒவ்வொன்றும் 512.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் ஜன்னலோர மேஜையைப் பிடித்தோம். சாம்பிளுக்கு மட்டும்தான் பாஸ் கிடைத்தது, சிவப்புச் சீட்டு ஒட்டிய லேப்டாப் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதால் எல்லாம் அங்கேதான். ஜோதியக்கா மேஜையை இரண்டு முறை துடைத்தார். மூன்று நீலப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். லைனில் ஒரே மாதிரிப் பாகங்கள் ஒரே பெட்டிக்குள் போக வேண்டும் என்பது பாலபாடம். ஸ்க்ரூக்கள் வெளியே வர வர, நெட்டை ஒரு பெட்டி, நடு ஒரு பெட்டி, குட்டை ஒரு பெட்டி என்று பிரித்துக்கொண்டே போனார். நான் எக்செல்லில் லேபிள் அடித்து ஒட்டியிருந்தேன். பார்க்கவே அழகாக இருந்தது.

என் பிரிண்டில் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும். படித்தேன். பெட்டிகளைப் பார்த்தேன். ஜோதியக்காவின் கையைப் பார்த்தேன். பதினான்கு வருடக் கை. என் கையில் இருந்தது பிரௌசிங் சென்டரில் எடுத்த காகிதம். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

கீபோர்டு தூக்கியதும் உள்ளே விசிறி தெரிந்தது. விசிறி என்று சொல்ல முடியாது, கறுப்புப் பஞ்சு மெத்தை. ஜோதியக்கா கொஞ்சம் கிள்ளி எடுத்து விரலில் உருட்டினார்.

"அனு, இது நம்ம டேப்பு. நம்ம லைன்ல பறக்கற துணித் தூசி. பாவம், இத்தினி வருசம் இதத்தான் தின்னுனு இருந்திருக்குது."

பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். ரேம் இரண்டும் சாய்வாகப் போய், அழுத்தியதும் டக்கென்று படுத்தன. பிறகு மூடல். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முடுக்கியபின் அதன் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. முடுக்கியாயிற்று என்பதற்கு லைனில் அதுதான் அடையாளம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆன் செய்தோம். கறுப்புத் திரையில் 1024 என்று வந்தது. பூங்கொடி விசில் அடித்தார். கேன்டீன்காரர் கேட்காமலே மூன்று டீ அனுப்பினார்.

டீ வருவதற்குள் அம்புக்குறி தானாகத் திரையின் இடது மேல்மூலைக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்து வந்தால் திரும்ப ஓடியது. ஜோதியக்கா திரையைப் பார்க்கவில்லை. கீழே உள்ளங்கை வைக்கும் இடத்தைத் தடவினார். டச்பேடுக்குப் பக்கத்தில் பரு மாதிரி ஒரு மேடு. மூன்று மணிக்கு அது இல்லை.

"நெட்டை ஸ்க்ரூ குட்டைக் குழியில போயிருக்குது," என்றார் மெதுவாக. "அடியிலேருந்து முட்டுது." உடனே பேட்டரியைக் கழற்றினார். பெட்டிகளைப் பார்த்தார். காலியாக, சுத்தமாக, லேபிளோடு இருந்தன. "அளவு பாத்துப் பிரிச்சேனே தவிர எடம் பாக்கல. லைன்ல எந்தப் பலகைக்கு எந்தப் பாகம்னு தாள் இருக்கும். இதுக்குத் தாள் எங்க இருக்குது? பதினாலு வருசம் வேல செஞ்சி சின்னப் புள்ள தப்பு."

"எனக்குத் தெரியும்க்கா," என்றேன்.

"என்னா தெரியும்?"

மூன்றாவது பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படித்துச் சொன்னேன். முகம் சுட்டது.

எங்கள் லைனில் ஒவ்வொரு பலகைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், லைன் நின்றுவிடும். இழுத்தவரை யாரும் திட்டக் கூடாது என்பது விதி. நேற்றுச் சேர்ந்த பெண் இழுத்தாலும் மேனேஜர் வந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் என்ன தப்பு என்று கேட்பார்.

ஜோதியக்கா காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "கயிறு எதுக்கு இருக்குது அனு? தப்பு தெரிஞ்சா இழுக்கத்தான?"

"நீங்க செய்யறது சரியா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

"நானும் நீ படிச்சவ, தப்பா இருந்தா சொல்லுவன்னு நெனச்சேன்." அப்புறம் சிரித்துவிட்டார். "நல்லா இருக்குதுடி. நான் ஒன்ன நம்பி, நீ என்ன நம்பி, ரெண்டு பேரும் சேந்து லேப்டாப்புக்கு ஊசி போட்டிருக்கோம்."

பூங்கொடி டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப சார்ட்டு வாங்கட்டா? இந்த தடவ கைய நல்லா வரையறேன்," என்றார்.

"நண்டு வரையறதுக்கு முன்னாடி ஒன் நெய்ல் பாலிஷக் குடு," என்றார் ஜோதியக்கா.

வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் அவர் கேன்டீன் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி எடுத்தார். லேப்டாப்பைத் திரும்பத் திறந்து, ஸ்க்ரூக்களை எல்லாம் வெளியே எடுத்து, மறுபடி உடலை மூடி, ஒவ்வொரு குழியிலும் குச்சியை மெதுவாக இறக்கினார். எவ்வளவு ஆழம் போகிறதோ அங்கே நகத்தால் பிடித்து, எடுத்து ஸ்கேலில் வைத்தார். குட்டை ஸ்க்ரூவின் நீளத்துக்கு, நடுவுக்கு, நெட்டைக்கு என்று குச்சியில் மூன்று சிவப்புக் கோடுகள் நெய்ல் பாலிஷில். அரிசி டிரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, குழிக்கு நம்பர் போட்டேன்.

"ஏழு, நெட்டை."

"ஏழு, நெட்டை."

"எட்டு, குட்டை. நேத்து பரு வந்தது இதாலதான்."

குழிகள் இருபத்தொன்று. நெட்டை ஏழு, நடு எட்டு, குட்டை ஆறு. பெட்டியில் நெட்டை ஏழு, நடு எட்டு சரியாக இருந்தன. குட்டை மட்டும் ஐந்து. ஒன்று குறைந்தது.

ஜோதியக்காவின் முகம் மாறியது. லைனில் ஒரு பாகம் குறைந்தால், அது கிடைக்கும் வரை எதுவும் நகராது. ஒரு காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், பூங்கொடியின் செருப்புக்கு அடியில் எல்லாம் தேடினார். மணி நாலரை ஆனது. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நம்பர் குழி, ஓரமாக இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். அடியில் கறுப்புப் பஞ்சு அடைத்திருந்தது, கெட்டியாக.

"அக்கா, இதுல ஸ்க்ரூ இருந்திருந்தா இவ்ளோ தூசி எப்படிப் போயிருக்கும்? நாம தொலைக்கல. இது வரும்போதே இல்ல."

அவர் மேஜைக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். வந்து குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். "படிச்சிருக்கற."

அட்டையில் பதினான்குக்கு எதிரே 'வரும்போதே இல்லை' என்று எழுதச் சொன்னார். கையெழுத்தும் போடச் சொன்னார். பரு கொஞ்சம் தழும்பாக நின்றுவிட்டது, ஆனால் அம்புக்குறி சொன்ன இடத்தில் நின்றது. வீடியோவை ஓட்டிப் பார்க்க நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமை பத்து மணி டீ இடைவேளை. சுடலைமுத்து சார் வந்தார். லைன் பெண்கள் டம்ளரோடு சூழ்ந்து நின்றார்கள்.

"என்னத்தயோ ஆபரேஷன் எல்லாம் நடந்திச்சாம்லா? ஓட்டுங்க பாப்போம்."

ஓட்டினேன். ஜோதியக்கா பலகை முன்னால் நிற்கிறார். ஒரு நிமிடம். யாரும் டீ குடிக்கவில்லை. ஒன்றரை நிமிடம். எப்போதும் கை நின்றுபோகும் இடம் வந்தது. கை நிற்கவில்லை. ரோல் கட்டுக்கு அடியில் போய் இந்தப் பக்கம் வந்தது, மறுபடி போனது, தண்ணீர் மாதிரி. பின்னால் யாரோ, "ஏய், கீழதான்டி போகுது! இப்பதான் எனக்கே புரியுது," என்றார்கள். சுடலைமுத்து சாரின் கை சீட்டின் ஓரத்துக்குப் போனது.

எனக்கு அப்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு இருந்த பகுதியை நாங்கள் யாருமே அதுவரை பார்த்ததில்லை. கட்டின் மேல்முனையில், கனெக்டர் பக்கத்தில், ஜோதியக்காவின் முழங்கை இடுப்பை விட்டுத் தூக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும். தோள் வரைக்கும்.

எல்லாரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் என்றால் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

"கயிறு," என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "அக்கா, கயிறு இழுக்கறேன். முழங்கை தூக்குது."

கைதட்டல் நின்றது. ஜோதியக்கா திரைக்கு மூக்கை ஒட்டுகிற மாதிரி குனிந்தார். "திருப்பிப் போடு." போட்டேன். "இன்னொரு தடவ." மூன்றாவது முறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அட பாவி, ஆமா! எனக்கே தெரியாம தூக்கறேன் பாரு. அங்க பலகை ஒரு சாண் ஒசரம் சார். முளைய எறக்கிட்டா கை எதுக்குத் தூக்குது? ஜட்ஜ் மட்டும் இதப் பாத்திருந்தா, முழங்கை நகராதுன்னு சொன்னீங்களே அம்மான்னு கேட்டிருப்பாரு." பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் சேந்து கைதட்டறீங்க. இவ ஒருத்திதான் பாத்திருக்கா."

சுடலைமுத்து சார் சீட்டைக் கிழித்தார். "படம் நிக்காம ஓடிச்சு. லேப்டாப் ஒங்களுக்கு. அது என் வாக்கு. கேமரா வேணும்னா ரெண்டரை மணிக்கு வாரேன், முளைய எறக்கி வச்சிருங்க."

இரண்டரை மணிக்கு அவர் வந்தபோது முளை இறங்கியிருந்தது. ஜோதியக்கா தன் முழங்கையையும் இடுப்பையும் ஒரு துண்டு டேப்பால் ஒட்டிக்கொண்டு நின்றார். முதல் முறை எடுத்தபோது அது பிய்ந்தது. இரண்டாவது முறை பிய்யவில்லை. திங்கட்கிழமை நடுவர்கள் படத்தை முழுதாகப் பார்த்தார்கள். மேலா கீழா என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, கேன்டீனில் தட்டு கழுவும் வரிசையைப் பாதியாகக் குறைத்த குழுவுக்கு. அதில் ஜோதியக்காவுக்கும் வருத்தமில்லை, அந்த வரிசையில் அவரும் நின்றவர்தானே.

பொங்கல் கழிந்த வாரம் இருபத்தாறு பலகைக்கு முன்னாலும் புதுத் தாள் ஒட்டினார்கள். வீடியோவிலிருந்து எடுத்த படங்களோடு. பஸ்ஸில் தைல வாசனை ஒரே நாளில் போய்விடவில்லை. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைந்தது. லேப்டாப்பின் அடியில் என் அட்டையை ஒட்டி வைத்தோம், இருபத்தொரு குழியும் நம்பரோடு. ஊருக்குப் போனபோது எங்கள் பள்ளி வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று அப்பா கூட்டிப் போனார். உனக்கு இதெல்லாம் தெரியுமா என்று வாத்தியார் கேட்டார். "தெரியாது சார். ஒரு அட்டையும் பேனாவும் இருந்தா திறந்து பார்க்கலாம்," என்றேன். அப்பாவின் முகம் கொஞ்சம் விழுந்தது. பிறகு அவரே அட்டை தேடப் போனார்.

பிப்ரவரி ஆடிட் அறிக்கையை ஸ்டோர்ஸில் நான்தான் டைப் செய்தேன். நான்காவது வரியில் ஜோதியம்மாள் பெயர். புதுத் தாளில் உள்ள முறையிலிருந்து விலகிச் செய்கிறார் என்று சுடலைமுத்து சார் எழுதியிருந்தார். மதியம் ஜோதியக்காவின் பலகைக்கே போய்க் கேட்டேன்.

"என்னக்கா இது? உங்க முறைதான அது?"

அவர் ரோலை நிறுத்தாமல் கிட்டே வரச் சொல்லித் தலையை ஆட்டினார்.

"முழங்கை சரியாயிடுச்சு அனு. இப்ப மணிக்கட்டுல ஒரு சின்ன விசயம் தோணுது. அந்த லேப்டாப்பு சாயங்காலம் சும்மாதான இருக்குது?"